புள்ளினத்தின் வழி கண்டவர்

ஆடித் திங்கள் கழிந்து ஆவணி பிறக்கும் காலத்தில், பாலாற்றுப் பகுதியில் வெயிலின் கொடுமை முற்றும் தணிந்திருப்பதில்லை. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி முதலிய தோல் தொழில் ஊர்களில் உலர்களங்கள் பகலெல்லாம் காய்கின்றன. சோளிங்கரின் பெரிய மலையும் சின்ன மலையும் உச்சிப்பொழுதில் அனல் வீசுகின்றன. வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் இரண்டு திங்கள் இருக்கும். குளிர்காலத்தை எவரும் நினைத்தும் பாரார்.

அந்நாளில் ஏரியின் மதகருகே, ஈரம் கசியும் கற்களின்மேல், சிறு குருவி ஒன்று வந்து நிற்பதைக் காணலாம். சாம்பல் நிற முதுகும், மஞ்சள் தோய்ந்த வயிறும், ஓயாமல் மேலுங்கீழும் ஆடும் நீண்ட வாலும் அதன் அடையாளங்கள். நேற்று அவ்விடத்தில் அது இல்லை. நம் நீர்நிலைகளில் ஆண்டு முழுதும் வாழும் வாலாட்டி வேறு. கருமையும் வெண்மையும் கலந்த உடலும், கண்ணின்மேல் வெண்புருவமும் உடையது அது. மஞ்சள் வயிற்றையுடைய இச்சாம்பல் வாலாட்டியோ இமயமலைச் சாரலிலும் அதற்கு அப்பாலும் கூடு கட்டிக் குஞ்சு பொரித்து, நம் நாட்டிற்கு வருவது. நம் ஊரில் வெயில் எரியும்பொழுதே, வடநாட்டில் வேனில் முடிந்துவிட்டது என்னும் செய்தியை அது தன் வாலசைவிலே கொண்டு வருகின்றது.

இச்செய்தியைப் படித்தறியும் கலையை இந்திய நாட்டு மக்களுக்குக் கற்பித்தவர் ஒருவர். துப்பாக்கியோடு புறப்பட்டுக் குறிப்பேட்டோடும் கால்வளையத்தோடும் நின்றவர் அவர். அவரே சாலிம் அலி என்னும் பறவையியல் பேரறிஞர்.

இளமைப் பருவம்

சாலிம் அலி 1896-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 12-ஆம் நாள் பம்பாய் மாநகரில் பிறந்தார். மக்கள் பலரைப் பெற்ற அக்குடும்பத்தில் அவரே கடைசிப் பிள்ளை. அவருக்கு ஓராண்டு நிரம்பும்பொழுது தந்தையார் மறைந்தார். மூன்றாண்டு நிரம்பும்பொழுது அன்னையாரும் மறைந்தார். தாய்மாமனாராகிய அமீருத்தீன் தயாப்ஜியும், அவருடைய மனைவியாராகிய அமீதா பேகமும் தங்களுக்கு மக்கட்பேறு இல்லாமையால், பெற்றோரை இழந்த அக்குழந்தைகளைத் தங்கள் பிள்ளைகளாகவே வளர்த்தனர்.

மாமனார் வேட்டையில் விருப்பமுடையவர். ஆகவே சிறுவனுக்கும் காற்றுத் துப்பாக்கி ஒன்று கிடைத்தது. ஒரு நாள் அவன் சிட்டுக்குருவி ஒன்றைச் சுட்டு வீழ்த்தினான். கையிலெடுத்து நோக்கியபொழுது, அதன் தொண்டையில் மஞ்சள் கறை ஒன்று தோன்றியது. வீட்டுக் கூரையில் வாழும் சிட்டுகளுக்கு அத்தகைய கறை இல்லை. இது யாது என்று மாமனாரைக் கேட்டான். அவர்க்கும் விளங்கவில்லை. எனினும் தெரியாததைத் தெரிந்ததுபோல் கூறி அவனை அவர் அனுப்பிவிடவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளராயிருந்த மில்லார்டு என்னும் ஆங்கிலேயரிடம் போகுமாறு பணித்தார். 1883-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற கழகம் அது.

அந்நாளில் ஆங்கிலேயர் ஒருவரின் அலுவலகத்துள் இந்தியச் சிறுவன் ஒருவன் தனியே நுழைவது எளிய செயலன்று. சாலிம் அஞ்சி அஞ்சியே சென்றான். மில்லார்டு அவனை இன்முகத்தோடு வரவேற்றார். அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று கண்டு கூறினார். பாடம் செய்து பேழைகளில் அடுக்கி வைத்திருந்த எண்ணற்ற பறவைகளைத் திறந்து காட்டினார். படிக்க நூல்களும் தந்தார். ஒரு கேள்வியோடு சென்ற சிறுவன் நூறு கேள்விகளோடு திரும்பினான். சிறுவன் ஒருவனின் கேள்வியை மதித்து விடையிறுத்த அந்தப் பண்பே, பின்னாளில் இந்தியப் பறவையியலுக்கு வித்தாயிற்று.

கல்வியும் தொழிலும்

சாலிம் அலிக்குக் கல்லூரிக் கல்வி ஒழுங்காக அமையவில்லை. கணக்குப் பாடம் அவருக்குக் கைவரவில்லை. ஆகவே 1914-ஆம் ஆண்டில் பர்மா நாட்டிற்குச் சென்று, தவாய் என்னும் இடத்தில் குடும்பத்தார் நடத்திய சுரங்கத் தொழிலையும் மரத் தொழிலையும் கவனிக்கலானார். சூழ இருந்த காடுகளோ பறவைகள் நிறைந்தவை. கணக்கேட்டில் இருக்கவேண்டிய கண் மரக்கிளையில் இருந்தது. 1917-இல் தாயகம் திரும்பிய அவர், வணிகக் கல்வி பயின்றதோடு, புனித சேவியர் கல்லூரியில் பிளாட்டர் அடிகளாரின் ஊக்கத்தால் விலங்கியலும் கற்றார். 1918-ஆம் ஆண்டில் தெகமீனா என்னும் அம்மையாரை மணந்தார்.

பர்மாத் தொழில் நிலைக்கவில்லை. வேலை தேடிய அவருக்கு 1926-இல் பம்பாய் அருங்காட்சியகத்தின் இயற்கை வரலாற்றுப் பகுதியில், காண வருவோர்க்கு விளக்கம் கூறும் விரிவுரையாளர் பணி கிடைத்தது. பாடம் செய்த பறவைகளைக் காட்டி அவர் விளக்கினார். ஆயினும் பேழைக்குள் இருந்த பறவை அவருடைய கேள்விகளுக்கு விடை தரவில்லை. அதன் நிறத்தை அறியலாம், அலகை அளக்கலாம், ஆனால் அது எப்பொழுது வந்தது, எங்கிருந்து வந்தது, ஏன் வந்தது என்பவற்றை அறிதல் இயலாது. இவற்றைக் கற்கவேண்டி, 1928-ஆம் ஆண்டில் விடுப்புப் பெற்று ஜெர்மனி நாட்டிற்குச் சென்றார்.

பண்டையோர் எண்ணங்கள்

பறவைகள் பருவந்தோறும் தோன்றி மறைவதைப் பழங்கால மக்கள் அறியாமலில்லை. தென்கடலில் நீராடி வடக்கே மீளும் நாரையை விளித்துத் தம் மனைவிக்குத் தூது விடுத்த சத்திமுத்தப் புலவர், அப்பறவை வழிப்போக்கன் என்பதை நன்கறிந்தவர். எனினும் காரணம் அறிந்தார் எந்நாட்டிலும் இலர். கிரேக்க நாட்டுப் பேரறிஞராகிய அரிஸ்டாட்டில், சில பறவைகள் நெடுந்தொலைவு செல்வதை உணர்ந்திருந்தும், தகைவிலான் குருவிகள் குளிர்காலத்தில் பொந்துகளில் ஒடுங்கிக் கிடக்கும் என்று எழுதினார். அவருடைய சொல்லைப் பல நூற்றாண்டுகள் வரை ஐரோப்பியர் நம்பினர்.

இவ்வையத்தைத் தீர்க்கும் வழியைக் கண்டவர் ஒரு பள்ளி ஆசிரியர். டென்மார்க்கு நாட்டு மார்ட்டென்சன் என்பவர், 1899-ஆம் ஆண்டில், மைனா இனத்தைச் சேர்ந்த பறவைகளைப் பிடித்து, எண்ணும் முகவரியும் பொறித்த மெல்லிய அலுமினிய வளையங்களைக் கால்களில் பூட்டிப் பறக்கவிட்டார். எங்கேனும் அப்பறவை அகப்படுமாயின், வளையத்தைக் கண்டவர் செய்தி தெரிவிப்பார். அது பிறந்த இடமும் சென்ற இடமும் ஐயமின்றி விளங்கும். ஓர் ஆசிரியரின் சிறு முயற்சி உலகெங்கும் பரவிற்று.

ஜெர்மனியில் கற்றவை

பெர்லின் நகரில் சாலிம் அலி அடைந்த ஆசான் ஸ்டிரேசமன் என்னும் பேராசிரியர் ஆவார். பறவையின் தோலையும் எலும்பையும் மட்டும் ஆராய்தல் போதாது; உயிரோடு உலவும் பறவையின் வாழ்வையே ஆராய்தல் வேண்டும் என்னும் புதுநெறியைப் பரப்பியவர் அவர். வேற்று நாட்டு மாணவரைத் தம்முள் ஒருவராகவே அவர் ஏற்றுக்கொண்டார். வடகடலின் நடுவே கிடக்கும் எல்கோலாந்து என்னும் சிறு தீவில், இடம்பெயரும் பறவைகளை ஆராயும் நிலையம் ஒன்று இருந்தது. ஆங்குச் சென்று, பறவைக்கு ஊறு நேராமல் பிடித்து வளையமிடும் முறையையும் சாலிம் அலி பயின்றார்.

இலையுதிர்காலப் பயணம் இலை உதிரும்பொழுது தொடங்குவதன்று என்பதே இத்துறை அறிஞர்கள் கண்ட உண்மைகளுள் தலையாயது. அதன் தொடக்கம் கோடையின் நடுவிலேயே உள்ளது. ஜூன் திங்கள் 21-ஆம் நாளையொட்டி வடபாதி உலகில் பகல் மிக நீண்டிருக்கும். அதன்பின் பகற்பொழுது நாளுக்கு நாள் சிறிது சிறிதாகக் குறையும். மனிதர் இதனை உணருமுன்னரே பறவையின் உடல் உணர்ந்துவிடும். கனடா நாட்டு அறிஞராகிய ரோவன் என்பவர் 1920-களில், பனிக்காலத்தில் கூண்டுப் பறவைகளுக்கு விளக்கொளியால் பகற்பொழுதை நீட்டிக் காட்டினார். வெளியே கடுங்குளிர் நிலவியபொழுதும், அவற்றின் உடல் வேனிற்காலத்துக்குரிய மாறுதலை அடைந்தது. பறவைக்குக் காலம் உணர்த்துவது குளிரோ வெப்பமோ அன்று. பகலின் நீளமே தலையாய குறி என்பது இதனால் வலியுறுத்தப்பட்டது.

இனி, பயணத்தின் முன்னறிகுறிகள் யாவை எனின், கூறுவோம். முதலாவது, பாட்டு அடங்குதல். கூடு கட்டும் நாளில் விடியல்தொறும் பாடிய ஆண் குருவி, குஞ்சுகள் பறக்கத் தொடங்கியபின் வாய் மூடிவிடும். இரண்டாவது, இறகு உதிர்த்தல். பழைய இறகுகளைக் களைந்து புதிய இறகுகளைப் பெறுதல் பல பறவைகளுக்குப் பயணத்திற்கு முன் நிகழும். மூன்றாவது, கூட்டம் சேர்தல். தனித்தனியே எல்லை வகுத்துப் போரிட்ட பறவைகள் பகை மறந்து, இளம்பறவைகளோடு ஒன்றாய்த் திரியும். நான்காவது, உடல் கொழுத்தல். பூச்சியையும் பழத்தையும் அளவிறந்து உண்டு, தோலின் கீழ்க் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளும். தொலைவழி செல்லும் சிறு குருவிகளுள் சில, தம் எடையை ஏறத்தாழ இருமடங்காக்கிக்கொள்வதுண்டு. அக்கொழுப்பே அவற்றின் கட்டுச்சோறு. ஐந்தாவது, இரவில் உறக்கமின்மை. சிறு பாட்டுப்பறவைகளுள் பல இரவில் பறந்து பகலில் இரை தேடுபவை. அத்தகையவற்றைக் கூண்டில் அடைத்து வைத்தாலும், பயணப் பருவம் வந்தவுடன் இரவெல்லாம் சிறகடித்துத் தவிக்கும்.

இவ்வறிகுறிகளை உணர்ந்தவன், ஒரு பறவை புறப்படுமுன்னரே அதன் புறப்பாட்டை அறிவான். உணராதவன், மரம் வெறுமையான பின்னர்த்தான் அது சென்றதை அறிவான்.

வேலையின்மையும் தூக்கணாங்குருவியும்

1930-ஆம் ஆண்டில் சாலிம் அலி பம்பாய்க்குத் திரும்பினார். ஆங்கு அவருக்குக் காத்திருந்தது துன்பமே. பணப்பற்றாக்குறையால் அவர் பார்த்த பதவி நீக்கப்பட்டிருந்தது. மனைவியோடு வாழும் முப்பத்து மூன்று வயதினர், கையில் வேலையில்லாமல் நின்றார். வேறொருவராயின் பறவைகளை மறந்து கடையொன்றில் கணக்கெழுதப் போயிருப்பர். அவரோ பம்பாய்க்கு அருகே கிகிம் என்னும் கடற்கரைச் சிற்றூரில் இருந்த சிறு வீட்டில் குடியேறினார்.

அவ்வீட்டின் அருகே தூக்கணாங்குருவிகள் கூட்டமாகக் கூடு கட்டிக்கொண்டிருந்தன. நாள்தோறும் அவர் அவற்றை நோக்கியிருந்தார். ஆண் குருவி கூட்டைப் பாதியளவு பின்னி நிறுத்தும். பெண் குருவி வந்து ஆராயும். பிடித்திருந்தால் அக்கூட்டை ஏற்கும். அதன் பின்னரே ஆண் அதனை முடிக்கும். முடித்தவுடன் வேறொரு பெண்ணுக்காக மற்றொரு கூட்டைத் தொடங்கும். நம் நாட்டில் யாவரும் கண்ட குருவி அது. ஆயினும் இவ்வொழுங்கை ஒருவரும் முறையாகக் கண்டு எழுதியதில்லை. அவர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை உலகத்து அறிஞரிடையே அவருக்குப் பெயர் தேடித் தந்தது. வேலை இழந்தமையால் வந்த ஓய்வே அவருக்கு வெற்றியாயிற்று.

பின்னர் அவர் ஐதராபாத்து, கொச்சி, திருவிதாங்கூர் முதலிய சுதேச அரசுகளின் ஆதரவோடு, அப்பகுதிகளின் பறவைகளை ஆராயலானார். ஊதியம் வேண்டாது, செலவுக்கு மட்டும் பொருள் பெற்று அப்பணியை ஏற்றார். மாட்டுவண்டியிலும் கால்நடையிலும் காடு மேடெல்லாம் சுற்றினார். நகர வாழ்வின் நலங்களைத் துறந்து தெகமீனா அம்மையாரும் உடன் சென்றார், கூடாரத்தை இல்லமாக்கினார், கணவர் எழுதியவற்றைப் படித்துச் செப்பம் செய்ய உதவினார். அவ்வம்மையார் 1939-ஆம் ஆண்டில் சிறு அறுவை ஒன்றையடுத்து எதிர்பாராது மறைந்தார். அத்துயரம் சாலிம் அலியை நிலைகுலையச் செய்தது. தமக்கையாரின் இல்லத்தில் தங்கி, மெல்ல மெல்லத் தம் பணிக்கு மீண்டார்.

1941-ஆம் ஆண்டில் இந்தியப் பறவைகளைப் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. வண்ணப் படங்களோடு எளிய நடையில் அமைந்த அந்நூல், அதுவரை சிலர்க்கே உரியதாயிருந்த ஒரு கல்வியைப் பொதுமக்களுக்கு உரியதாக்கிற்று. பண்டித நேரு அவர்கள் அந்நூலைத் தம் மகளாகிய இந்திராவுக்கு அளித்தார். நாடு விடுதலை பெற்றபின் இயற்கை வரலாற்றுக் கழகம் பொருளின்றித் தளர்ந்தபொழுது, சாலிம் அலி பிரதமராகிய நேருவுக்கு எழுதி, அரசின் உதவியைப் பெற்று அதனை வாழவைத்தார். சிறுவயதில் தம்மை வரவேற்ற கழகத்திற்கு அவர் செலுத்திய நன்றிக்கடன் அது.

கொள்ளைநோய் எழுப்பிய வினா

1957-ஆம் ஆண்டில் மைசூர் நாட்டுச் சிமோகாப் பகுதியில், கியாசனூர்க் காட்டில் குரங்குகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. அடுத்துக் காட்டோரச் சிற்றூர் மக்களையும் கொடிய காய்ச்சல் பற்றியது. அந்நோய்க்குக் காரணமான நுண்கிருமி, உருசிய நாட்டில் உண்ணிகளால் பரவும் மூளைக்காய்ச்சல் கிருமியோடு உறவுடையதாகக் காணப்பட்டது. வடக்கேயிருந்து வரும் பறவைகளின் உடலில் ஒட்டிய உண்ணிகளே இந்நோயைக் கொண்டு வந்தனவோ என்னும் ஐயம் எழுந்தது.

இவ்வையம் உறுதியாகுமாயின் விளைவு என்னாகும்? இதுகாறும் விருந்தினர் எனக் கருதப்பட்ட பறவைகள் பகைவராகிவிடும். மக்கள் அச்சத்தால் அவற்றைக் கொன்று குவிக்கவும் கூடும். ஐயம் தவறாயின், உண்மைக் காரணத்தை விட்டு வேறிடத்தில் தேடிக்கொண்டிருப்பதால் மனித உயிர்கள் மாளும். எப்பறவை, எத்திங்களில், எவ்வழியே வருகின்றது என்பதை அறியாமல் இதற்கு விடை காண்டல் அரிது. வேலையற்றவர் பொழுதுபோக்கு எனச் சிலர் எள்ளிய பறவை நோக்கல், இப்பொழுது உயிர் காக்கும் அறிவாயிற்று.

உலக நலவாழ்வு நிறுவனத்தின் துணையோடு, 1959-ஆம் ஆண்டில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பறவைப் பயண ஆராய்ச்சியைத் தொடங்கிற்று. அதற்குத் தலைமை தாங்கிய சாலிம் அலிக்கு அப்பொழுது வயது அறுபத்து மூன்று. நுண்ணிய இழைகளால் ஆன வலைகளை விடியற்காலையில் விரித்து, சிக்கிய குருவியை மெல்ல எடுத்து, எடை பார்த்து, இறகளந்து, உண்ணி இருப்பின் அகற்றிப் பாதுகாத்து, காலில் வளையமிட்டுப் பறக்கவிடுவது அவர்களுடைய பணி. வளையத்தில் கழகத்தின் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. இவ்வாறு பல்லாயிரம் பறவைகள் வளையமிடப் பெற்றன. வளையமிட்டவற்றுள் மிகச் சிலவே பின்னர் அகப்படும். ஆயினும் அகப்படும் ஒவ்வொன்றும் ஒரு கடிதத்திற்கு நிகர். இந்தியாவில் வளையமிட்ட பறவை நடு ஆசியாவிலோ சைபீரியாவிலோ காணப்பட்டதென்று செய்தி வருமாயின், நிலப்படத்தில் ஒரு கோடு உறுதிப்படும்.

பறவைகளே அந்நோயைக் கொண்டுவந்தன என்பதற்குச் சான்று கிட்டவில்லை. நோயைப் பரப்புவன அக்காட்டிலேயே வாழும் உண்ணிகள் என்பது ஆராய்ச்சியால் வெளிப்பட்டது. பறவைகள் பழியினின்றும் நீங்கின.

கோடியக்கரை

இவ்வாராய்ச்சிக்கு உரிய இடங்களுள் தமிழ்நாட்டுக் கோடியக்கரை சிறந்தது. சோழமண்டலக் கடற்கரை தெற்கே வந்து மேற்கு நோக்கி மடங்கும் முனையில் அவ்வூர் அமைந்துள்ளது. ஒருபுறம் கடல், ஒருபுறம் உப்பளங்களும் சேற்று நிலமும், நடுவே பாலை மரங்கள் செறிந்த காடு. வடக்கேயிருந்து வரும் பறவைகளுள் பல, கடலைக் கடந்து இலங்கைக்குச் செல்லுமுன் இங்குத் தங்கும். வேறு பல இங்கேயே குளிர்காலத்தைக் கழிக்கும்.

கோடை முடியுமுன்னரே ஆங்குப் பயணத்தின் அறிகுறிகள் தோன்றிவிடும். முதலில் வருவன உள்ளான்கள். வடகோடியில் குறுகிய வேனிலில் விரைந்து குஞ்சு பொரித்த அவை, ஆகஸ்டுத் திங்களிலேயே சேற்றில் அலகூன்றி நிற்கும். அவற்றுள் சில தம் செந்நிற வேனிற்கோலத்தை முற்றும் களையாமலே வந்துவிடும். பின்னர் வாலாட்டிகளும் தகைவிலான்களும் வரும். செப்டம்பரில் நாணற்புதரிலும் வேலியிலும் கதிர்க்குருவிகள் நுழையும். உருவத்தைக் காண்பது அரிது. இரண்டு கூழாங்கற்களைத் தட்டினாற்போன்ற ஒலியே அவற்றைக் காட்டிக்கொடுக்கும். பழுப்புக் கீச்சான் கரகரத்த குரலெழுப்பித் தன் குளிர்கால எல்லையை வகுத்துக்கொள்ளும். வடஇந்தியாவில் மழைக்காலத்தில் கூடு கட்டிய ஆறுமணிக்குருவி இரவில் பறந்து தெற்கே வரும். களைப்பால் சில வேளை வீட்டு முற்றத்திலும் வீழ்ந்து கிடக்கும். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் இவையெல்லாம் நிகழ்ந்துவிடும்.

சாலிம் அலி முதுமையிலும் கோடியக்கரைக்கு வந்து இவ்வேலையை நேரில் நடத்தினார். அவ்விடத்தின் அருமையை அரசும் மக்களும் உணரச் செய்தார். 1967-ஆம் ஆண்டில் கோடியக்கரை வனவிலங்குப் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. 2002-ஆம் ஆண்டில் உலகச் சிறப்புடைய ஈரநிலங்களுள் ஒன்றாகவும் அது ஏற்கப்பட்டது. சுடும் துப்பாக்கியால் தொடங்கிய வாழ்வு, பறவைகள் அஞ்சாது தங்கும் புகலிடத்தை அமைப்பதில் முதிர்ந்தது.

முதுமையும் புகழும்

பிறர் ஓய்வை நாடும் அறுபத்தெட்டாம் வயதில், அமெரிக்க அறிஞராகிய டில்லன் ரிப்ளி என்பவரோடு சேர்ந்து, இந்திய பாகிஸ்தான் நாடுகளின் பறவைகளனைத்தையும் விளக்கும் பெருநூலைச் சாலிம் அலி தொடங்கினார். அது 1968 முதல் 1974 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. ஒவ்வொரு பறவைக்கும் அதன் உருவம், உணவு, கூடு, குரல் ஆகியவற்றோடு வருகையும் புறப்பாடும் அதில் குறிக்கப்பட்டுள்ளன.

அவர் எளியவர், சுறுசுறுப்பு மிக்கவர், காலந்தவறுதலையும் கவனக்குறைவையும் பொறாதவர். மோட்டார் வண்டியாகிய இருசக்கர ஊர்தியில் அவருக்குப் பெருவிருப்பம் இருந்தது. 1950-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டில் கூடிய பறவையியல் மாநாட்டிற்குச் சென்றபொழுது, தம் ஊர்தியையும் கப்பலில் ஏற்றிச் சென்று, ஐரோப்பிய நாடுகளில் அதன்மேல் ஏறியே உலவினார். கண்டதை அன்றே குறித்து வைப்பதும், காணாததைக் கண்டதாக எழுதாமையும் அவர்தம் வாழ்நாள் நோன்புகள்.

இந்திய அரசு அவருக்கு 1958-இல் பத்மபூஷண் விருதையும், 1976-இல் பத்மவிபூஷண் விருதையும் அளித்தது. உலக அளவில் கிடைத்த பெரும்பரிசுத் தொகையை அவர் இயற்கைப் பாதுகாப்புப் பணிக்கே கழகத்திடம் ஒப்படைத்தார். 1985-இல் மாநிலங்களவை உறுப்பினராக நியமனம் பெற்றார். தம் வாழ்க்கை வரலாற்றை எழுதியபொழுது, அதன் பெயரில் அன்று தாம் வீழ்த்திய சிட்டுக்குருவியையே நினைவுகூர்ந்தார். 1987-ஆம் ஆண்டில் அப்பெருமகனார் மறைந்தார். அவர் பெயரால் அமைந்த பறவையியல் ஆராய்ச்சி நிலையம் 1990-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றுக் கோவைக்கு அருகே ஆனைகட்டியில் இயங்கிவருகின்றது.

நாம் செய்யத்தக்கது

சாலிம் அலியின் வாழ்வு மாணவர்க்கு உணர்த்துவது யாது? அரிய கருவியும் நெடும்பயணமும் இன்றியே பேரறிவைத் தேடலாம் என்பதே. தூக்கணாங்குருவி எல்லார் கண்ணிலும் பட்டது. உற்று நோக்கியவர் ஒருவரே. ஆவணி மாதத்தில் சோளிங்கர் ஏரிக்கரையில் வந்து நிற்கும் வாலாட்டியையும் நாள்தோறும் பலர் கடந்து செல்கின்றனர். அது வந்த நாளை ஓர் ஏட்டில் குறிப்பவன், ஓராண்டில் ஒரு செய்தியை அறிகின்றான். பத்தாண்டு குறிப்பவன், பருவத்தின் போக்கையே அறிகின்றான். சாம்பல் வாலாட்டி, தான் முன்னாண்டு தங்கிய அதே சிறு நிலத்திற்கு மறு ஆண்டும் திரும்பும் இயல்புடையது. ஆயிரக்கணக்கான கல் தொலைவைக் கடந்து வருகின்ற அது, அங்கே நீரும் புழுவும் இருக்கும் என்று நம்பியே வருகின்றது. ஏரி தூர்ந்தாலோ, நீர் கழிவால் கெட்டாலோ, அந்நம்பிக்கை பொய்யாகிவிடும்.

ஆகவே மாணவர்கள் ஆடி இறுதியிலேயே கண்ணைத் திறந்து வைத்தல் வேண்டும். விடியலில் எக்குரல் அடங்கிற்று, எக்குரல் புதிதாய் எழுந்தது, மின்கம்பியில் தகைவிலான்கள் எந்நாளில் வரிசையாய் அமர்ந்தன, சேற்றில் எந்நாளில் முதல் உள்ளான் நடந்தது என்பவற்றை நாளோடு குறித்து வைத்தல் வேண்டும். ஐயம் எழுந்தால் ஆசிரியரைக் கேட்டல் வேண்டும்; ஆசிரியருக்கும் விளங்காவிடின், விளங்கியவரைத் தேடிச் செல்லுதல் வேண்டும். பம்பாய்ச் சிறுவன் ஒருவன் அவ்வாறு தேடிச் சென்றமையாலன்றோ, புள்ளினம் செல்லும் வழி நமக்குப் புலப்பட்டது!